இரண்டு படிவத்தில் ஒரு பிள்ளை

மாசி பிறந்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தமில்லை. பங்குனி நடுப்பகுதி வரைக்கும் அது என் மனுசன் யோகராஜாவின் கந்தோர். கிழமை நாட்களில் அவர் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டி தூக்குகிறவர். சனிக்கிழமை என்றால் பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸ் பகுதித் தமிழ்ச் சனத்துக்கு வரி நிபுணர். சனங்கள் ‘ஸ்ரொயர்’ கடிதங்களை, அதுதான் வரிக் கடிதங்களை, உடைக்காத உறையோடு கடைப் பைகளில் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். இவர் காசு வாங்குவதில்லை. வாங்காதபடியால் கருவாடு வரும், வறுத்த மிளகாய்த்தூள் வரும். ஒருமுறை ஒருவர் பத்துக் கிலோ வெங்காயத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். இரண்டு கிழமை வீட்டில் வெங்காயக் குழம்புதான்.

இவரில் ஒரு குறை உண்டு. கேட்ட கேள்விக்கு மறுமொழி தெரியாவிட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிவதற்குள் ஒரு மறுமொழியை உண்டாக்கிவிடுவார். முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு அந்தத் துடைப்பு விளங்கும், சனத்துக்கு விளங்காது.

அன்றைக்கும் சனிக்கிழமைதான். வெளியே வடகிழக்குக் காற்று காதை அறுத்துக்கொண்டிருந்தது. நான் வடைக்கு உளுந்து அரைத்துவிட்டு எண்ணெய் காயப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மணி அடித்தது. கதவைத் திறந்தால் மூன்றாம் மாடிக் கோபிசன். கையில் பிரித்த கடிதம். அவனுக்குப் பின்னால் லிஃப்டில் ஆளைக் காணவில்லை. கொஞ்சம் பொறுத்து, மகள் ஹரிஷாவைக் கையில் பிடித்தபடி சஜீதா படிக்கட்டால் இறங்கி வந்தாள். அவள் கையிலும் ஒரு கடிதம். ஒரே வீட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு பேர், ஒருவர் லிஃப்டாலும் மற்றவர் படியாலும் வந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“வாங்கோ, வாங்கோ. வடை சுடுறன். இருங்கோ” என்றேன்.

“வடை சாப்பிடுற நிலைமையிலை இல்லை அக்கா” என்றான் கோபிசன்.

“எனக்கு வடை” என்றாள் ஹரிஷா. அவளுக்கு நாலரை வயது. அந்த வீட்டிலேயே தெளிவான ஆள் அவள்தான்.

இவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபிசன் வடமராட்சிப் பக்கம். அகதியாக வந்து, இப்போது பேர்ண் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு உணவகத்தில் பின்னேர ஷிப்ட் சமையல். சஜீதா இரண்டு வயதில் வந்து வில் என்ற ஊரில் வளர்ந்தவள். முதியோர் இல்லத்தில் தாதி. போன வருடத்துக்கு முந்தின வருடம்தான் பரீட்சை பாஸ்பண்ணி முழுத் தாதியானவள். ஊருக்கு இவர்கள் புருசன் பெண்சாதி. ஒரு மண்டபம் எடுத்து, வேறு நாட்டிலிருந்து ஐயர் ஒருவரை வரவழைத்துத் தாலி கட்டினார்கள். அறுபது பேருக்கு வடை சுட்டது நான். ஆனால் எழுத்து நடக்கவில்லை. எழுத்து என்றால் பதிவுக் கல்யாணம். இந்த நாட்டில் எழுத்து முதல், தாலி பிறகு. கோயிலில் கட்டுவதென்றால் பதிவுத்தாளைக் கேட்பார்கள், அதனால்தான் மண்டபம். கோபிசன் கல்யாணமாகாதவன் என்ற சான்றிதழ் ஊரிலிருந்து வரவேண்டும். முதல் தரம் வந்ததில் முத்திரை இல்லை. இரண்டாம் தரம் வந்தபோது தவணை முடிந்துவிட்டது. மூன்றாம் தரம் யாரும் எழுதிக் கேட்கவில்லை. “அடுத்த சமருக்கு வைப்பம்” என்று ஐந்து கோடை போய்விட்டது. ஆகவே அரசாங்கத்தின் கண்ணுக்கு இவர்கள் ஒரு வீட்டில் குடியிருக்கும் கல்யாணமாகாத இரண்டு பேர். ஆளுக்கொரு வரிப் படிவம்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே வசனம்.

“அண்ணை, நீங்களே கேளுங்கோ” என்று தொடங்கினான் கோபிசன். “பிறந்த நாளிலை இருந்து பிள்ளை என்ரை படிவத்திலைதான் இருக்கிறா. நீங்கள்தானே எழுதினனீங்கள். போன முறை இவ எனக்குச் சொல்லாமல் கொம்பியூட்டரிலை தன்ரை படிவத்தை நிரப்பி, அதிலை என்ரை பிள்ளையைப் போட்டிருக்கிறா!”

“உங்கடை பிள்ளையோ?” என்றாள் சஜீதா. “அப்ப நான் ஒன்பது மாதம் வயித்திலை வைச்சிருந்தது ஆற்றை பிள்ளையை?”

“உது வேறை கதை. குடும்பத்தை நடத்துறது ஆர்? குடும்பத் தலைவர் எண்டு ஒரு ஆள் இருக்குத்தானே. அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.”

“வேலையிலை எனக்குச் சொல்லித் தந்த தாதி ஒருத்தியும் எழுத்து வைக்காத தாய்தான்” என்றாள் சஜீதா. “பிள்ளை உன்ரை படிவத்திலை வரும் எண்டா. நான் போட்டன். இவரும் போட்டிருக்கிறார் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? இவற்றை படிவத்தை இவர் எனக்குக் காட்டினவரே?”

நான் வடையைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு பிள்ளை இரண்டு படிவத்தில் இரண்டு பிள்ளையாகி அரசாங்கத்திடம் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சஜீதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

“பெரிய விசயமில்லை” என்றார் இவர். “ஆற்றை படிவத்திலை பிள்ளை வாறது எண்டுதான் கேக்கிறாங்கள். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பிள்ளைக்குப் பொறுப்பு எண்டு எழுதி வைச்ச பத்திரத்தின்ரை கொப்பி ஒண்டு அனுப்பட்டாம். அதை எடுங்கோ, நான் இப்பவே எழுதிவிடுறன்.”

“என்ன பத்திரம்?” என்றான் கோபிசன்.

இவர் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தார். “பொறுப்புப் பத்திரம். படிவத்திலையும் அந்தக் கேள்வி இருக்கு. ஒவ்வொரு வருசமும் நான் ‘ஓம்’ எண்டு புள்ளடி போட்டனான்.”

“என்னட்டைக் கேட்டனீங்களோ?”

“தகப்பன்காரனிட்டை இதென்ன கேள்வி கேக்கிறது எண்டு போட்டன்” என்றபடி இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் பெருமூச்சு விட்டேன்.

சஜீதா கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள். “அந்தப் பேப்பர்” என்றாள். “அந்த மனுசி நீட்டின ரெண்டாவது பேப்பர்.”

அப்போதுதான் கதை வெளியே வந்தது. பிள்ளை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். எழுத்து இல்லாதபடியால், இது என் பிள்ளை என்று தகப்பன் போய்ச் சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டும். கோபிசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வைத்தான். பிறகு அங்கிருந்த பெண் இன்னொரு தாளை நீட்டி, பிள்ளையின் பொறுப்பு இரண்டு பேருக்கும் என்றால் இதிலும் வையுங்கள் என்றாளாம். எங்கள் சனம் பொறுப்புக்கான அந்த ஜேர்மன் சொல்லைக் கேட்டிருப்பது ஒரே இடத்தில்தான். புருசன் பெண்சாதி பிரிந்து, நீதிமன்றத்தில் நின்று, பிள்ளை எனக்கு உனக்கு என்று இழுபடும்போது. கோபிசனுக்கு உடம்பு கூசிவிட்டது.

“பிரியிற ஆக்கள் வைக்கிற கையெழுத்தை, பிள்ளை பிறக்க முதலே ஆரும் வைப்பினமே? அபசகுனம் எண்டு வேண்டாமெண்டனான்” என்றான் இப்போது. குரல் இறங்கியிருந்தது. “இவவும் பேசாமல் எழும்பி வந்தவ.”

“கால் ரெண்டும் வீங்கி நிக்கிறன். எப்பத் தாளைச் சுருட்டுவியள், வீட்டை போகலாம் எண்டு இருந்தது. அண்டைக்கு எனக்கு ஐஸ்கிறீம் வேண்டித் தந்தவர்” என்றாள் சஜீதா.

அவள் தொலைபேசியை எடுத்துத் தேடினாள். வாசித்தாள். வாசித்துக்கொண்டு போக அவள் முகம் மாறியது. பிறகு தமிழில் சொன்னாள்: “எழுத்து இல்லாட்டி, அந்தப் பத்திரமும் இல்லாட்டி, பிள்ளையின்ரை பொறுப்பு தாயிட்டை மட்டும்தானாம்.”

ஹரிஷா வடையைக் கோபிசனின் வாயருகே நீட்டினாள். அவன் வாய் திறக்கவில்லை.

“அப்ப நான் ஆர்?” என்றான்.

“தகப்பன்” என்றார் இவர் அவசரமாக. “அது பதிஞ்சிருக்கு. அதிலை பிரச்சினை இல்லை.”

“தகப்பன் எண்டு பேர் மட்டும். இவ நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வில்லுக்குப் போனால் என்னட்டைக் கேக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஒண்டுக்கும் என்ரை கையெழுத்துத் தேவையில்லை. நாலரை வருசமா நான் அந்த வீட்டிலை வாடகைக்கு இருக்கிறனோ அண்ணை?”

வரிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தவன், வரியையே மறந்துவிட்டான்.

“இப்பவும் செய்யலாம்” என்றாள் சஜீதா தொலைபேசியைப் பார்த்தபடி. “ரெண்டு பேரும் போய் கெஸ்ப்பிலை கையெழுத்து வைச்சால் சரி.”

“கெஸ்ப்போ!” கோபிசன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான். கெஸ்ப் என்பது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கும் அரச அலுவலகம். எங்கள் சனத்துக்கு அது பிள்ளை பிடிகாரன். பிள்ளைக்கு ஒரு தட்டுத் தட்டினாலும் கெஸ்ப் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று கதை. “தாங்களாப் போய் அங்கை ஆரும் தலையைக் குடுப்பினமே? வேறை இடமில்லையோ?”

“இல்லை. ரெண்டு பேரும் போகோணும். நானும் வைக்கோணும்.” சஜீதா எழும்பி ஹரிஷாவுக்குச் சப்பாத்துப் போட்டாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள். “குடும்பத்தை நடத்துறது நான்தான் எண்டு சொன்னனீங்கள்தானே. நான் யோசிச்சுச் சொல்லுறன், வைக்கிறனோ இல்லையோ எண்டு.”

படியால் ஏறிப் போனாள். கோபிசன் லிஃப்டுக்குப் போகவில்லை. அவனும் படியால்தான் போனான், நாலு படி பின்னுக்கு.

*

திங்கட்கிழமை இவர் வேலை இடைவேளையில் வரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்.

“நல்ல பெடியன் ஒருத்தன், ஆறுதலாச் சொல்லித் தந்தான். எழுத்து வைக்காமல் ஒரு வீட்டிலை இருக்கிற தாய் தகப்பன் எண்டால் எப்பவும் ஆளுக்கொரு படிவம். பொறுப்பு ரெண்டு பேரிலையும் இருந்தால் பிள்ளைக்கான கழிவு பாதி பாதி. தாயிலை மட்டும் எண்டால் தாய்க்கு முழுக்க. பிள்ளை இருக்கிற ஆளுக்கு வரி வீதம் குறையும்தானே, பொறுப்பு ரெண்டு பேரிலையும் எண்டால் அது சம்பளம் கூடின ஆளுக்கு. போன முறைக்குச் சஜீதாவின்ரை படிவம் சரி. நான் கோபிசனுக்கு எழுதினதுதான் பிழை. பிழையெண்டு கடிதம் எழுதினால் திருத்தி விடுவினமாம்.”

“சம்பளம் கூட ஆருக்கு?”

“சஜீதாவுக்கு” என்றார். கழற்றிய சப்பாத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

“இதெல்லாம் படிவத்தோடை வாற விளக்கப் புத்தகத்திலை இருக்காம்” என்றார் பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் புத்தகத்தின் மேல்தான் நான் ஆறு வருடமாகச் சோற்றுப் பானையை இறக்கி வைக்கிறேன். எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். பாவம், அன்றிரவு முழுவதும் உட்கார்ந்து வாசித்தார்.

சஜீதாவிடமிருந்து மறுமொழி வரவில்லை. ஒரு கிழமை போய்விட்டது. மழையும் பனியும் கலந்து பெய்து, மதிலோரம் கிடந்த கடைசிப் பனிக்குவியலும் கரைந்தது. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. பதினேழு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். பின்னேர முறை வருகிற கிழமைகளில் காலையில் பால் வாங்க இறங்கினால் கோபிசனைக் காண்பேன். ஹரிஷாவின் தலை உச்சி பிரித்து இரட்டைப் பின்னல், ஒரு மயிர் வெளியே நிற்காது. கையில் அவளுடைய கின்டர்கார்டன் பை. என்னைக் கண்டதும் ஒரு காரணம் சொல்லுவான்.

“இண்டைக்கு இவ அவசரமாப் போயிட்டா அக்கா. அதுதான் நான்.”

நேற்றும் அவசரம், முந்தநாளும் அவசரம். ஆகஸ்டில் கின்டர்கார்டன் தொடங்கிய நாளிலிருந்து சஜீதா அவசரமாகத்தான் போகிறாள். ஆறேகால் பஸ் பிடிக்கிற தாதி வேறு எப்படிப் போவாள்?

வியாழக்கிழமை நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற முறை எனக்கு. அடுத்த முறை சஜீதாவுக்கு. நான் மெசினிலிருந்து உடுப்பை எடுக்கும்போது கூடையோடு வந்து நின்றாள்.

“என்ன பிள்ளை, யோசிச்சு முடிஞ்சுதோ?” என்றேன்.

“அக்கா, நான் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு நினைக்கிறியளோ?”

“நினைக்கேல்லை. ஆனால் அவன் அப்பிடி நினைச்சுக்கொண்டு திரியிறான். இந்தக் கிழமை ரெண்டு தரம் தோசை கருக்கிப் போட்டானாம், முதலாளி பேசினவனாம்.”

“அது தோசைக் கடை இல்லை அக்கா, பீற்சாக் கடை.”

“எதோ ஒண்டு. வட்டமாத்தானே இருக்கும்.”

சிரித்துவிட்டாள். பிறகு கூடையைக் கீழே வைத்தாள். “எனக்குக் காசிலை ஒண்டுமில்லை அக்கா. பிள்ளைக்கு என்ன சப்பாத்து அளவு எண்டு என்னட்டைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். பல்லு டொக்டருக்குக் கூட்டிக்கொண்டு போறது அவர். சமைச்சு வைச்சிட்டு வேலைக்குப் போறது அவர். ஆனால் ஆரும் மணி அடிச்சால் இடுப்பிலை இருக்கிற ஏப்பிரனைக் கழட்டி எறிஞ்சிட்டு சோபாவிலை போய் இருப்பார். வில்லிலை இருந்து அப்பா அம்மா வந்தால் தேத்தண்ணியும் ஊத்த மாட்டார். சனத்துக்கு முன்னாலை ‘நான்தான் குடும்பத்தை நடத்துறன்’. செய்யிற வேலையிலை அவருக்கு வெக்கம். நான் பாத்துக் கொண்டாடுற மனுசனை அவர் ஒளிச்சு வைக்கிறார். அதுதான் எனக்குக் கோவம்.”

“அவனிட்டைச் சொன்னனியோ?”

“சொன்னால் ‘ஓமப்பா, ஓமப்பா’ எண்டுவார்.” கூடையைத் தூக்கினாள். “செவ்வாய்க்கிழமை மூண்டரைக்கு நாள் எடுத்திருக்கிறன். அவருக்கு லீவு நாள். அண்ணையையும் வரச் சொல்லட்டாம், துணைக்கு. நீங்களும் வாங்கோ.”

“அப்ப வைக்கிறியோ?”

“அங்கை போய்ப் பாப்பம்” என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது.

*

செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் ட்ராமில் ஐந்து பேர் போனோம். இவர் கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, கோப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தார். கோப்புக்குள் விளக்கப் புத்தகம் இருந்தது. கோபிசன் கடைசி நேரம்வரை பிள்ளையைக் கொண்டுபோக விடவில்லை.

“அக்கா, நீங்கள் வீட்டிலை பிள்ளையோடை நில்லுங்கோ. ஆர் மணி அடிச்சாலும் திறக்காதேங்கோ.”

“பிள்ளையின்ரை அலுவலுக்குப் பிள்ளை இல்லாமலோ?” என்று சொல்லி சஜீதா அவளைத் தூக்கிக்கொண்டு ட்ராமில் ஏறிவிட்டாள். ஒய்ரோப்பா பிளாட்ஸ் தரிப்பில் கோயில் இருக்கிற கட்டடம் வந்ததும் கோபிசன் கண்ணை மூடிக் கும்பிட்டான். வழக்கத்தைவிட அதிக நேரம் கும்பிட்டான். ட்ராம் அடுத்த தரிப்பைத் தாண்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

அலுவலகத்தில் பிள்ளை பிடிகாரர் யாரும் இல்லை. பின்னல் சட்டை போட்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி எழும்பி வந்து எல்லாருக்கும் கை கொடுத்தாள். ஹரிஷாவுக்கும் கொடுத்தாள். மூலையில் மரக்கட்டை விளையாட்டுச் சாமான்கள் இருந்தன. ஹரிஷா தகப்பனின் கையை உதறிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். கோபிசன் கதிரையை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டான்.

பெண் படிவத்தை விளக்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளைக்குப் பொறுப்பு, யார் எவ்வளவு கவனிப்பது, செலவை எப்படிப் பார்ப்பது என்பதில் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படித்தானே என்று கேட்டாள். பிறகு இன்னொன்று சொன்னாள். பிள்ளை வளர்க்கிறவருக்குப் பிற்கால ஓய்வூதியத்தில் ஒரு கணக்கு ஏறுமாம். யார் கூடக் கவனிக்கிறாரோ அவருக்கு முழுவதும், சரிசமன் என்றால் பாதி பாதி. அதற்காகக் கேட்கிறேன், உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்றாள். கேள்வியைக் கோபிசனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

சஜீதா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனை அவளுக்கு முன்னால் மேசையில் இருந்தது.

“நான் ரெஸ்ற்றோறண்டில் சமையல். மூன்று மணிக்கு வேலை தொடங்கும்” என்றான் கோபிசன் ஜேர்மனில். அவனுடைய ஜேர்மன் குசினி ஜேர்மன். சாமான் பேரும், கெதியாக என்ற சொல்லும்தான் அதில் அதிகம்.

“மூன்று மணிக்கு முதல்?”

கோபிசன் என் மனுசனைப் பார்த்தான். இவர் வாயைத் திறந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் பூம்ப்ளிஸ் முழுவதும் கதை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். பிறகு ஹரிஷாவைப் பார்த்தான். அவள் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“காலையில் நான் தலை பின்னுகிறேன்” என்றான்.

பெண் எழுதினாள். அவன் தொடர்ந்தான். பால், சாப்பாடு, கின்டர்கார்டன், பன்னிரண்டு மணிக்குத் திரும்பக் கூட்டி வருவது, பல்லு டொக்டர். அதோடு அவனுக்கு ஜேர்மன் முடிந்துவிட்டது. ஆனால் சொல்ல இருந்தது முடியவில்லை. தமிழுக்கு வந்துவிட்டான்.

“பால் கொஞ்சம் சூடு கூடினாலும் குடியாள், ஆறினாலும் குடியாள், சுண்டுவிரலை விட்டுப் பாத்துத்தான் குடுக்கோணும் எண்டு சொல்லு” என்றான் சஜீதாவிடம். “சப்பாத்து இப்ப இருபத்தெட்டு. ஈஸ்டருக்கிடையிலை இருபத்தொன்பதாகும். கரட்டைப் புட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சால்தான் சாப்பிடுவாள் எண்டு சொல்லு. வீட்டு வேலை முழுக்க நான்தான். உடுப்பு அயன் பண்ணுறதும் நான்தான். நான் சனத்துக்குச் சொல்லுறேல்லை. சனம் என்ன நினைக்குமெண்டு வெக்கம். அதையும் சொல்லு.”

சஜீதா ஒவ்வொன்றாக பேர்ண் ஜேர்மனில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“இவ பரீட்சைக்கு வில்லிலை தாய் வீட்டிலை இருந்து படிச்ச கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பதரை. ரெலிபோனிலை இவவுக்குச் சின்னத் தடிமன், மூக்கு ஓடுது எண்டு சொன்னனான். உண்மையைச் சொன்னால் பரீட்சையை விட்டிட்டு ஓடி வந்திடுவா. முதலாளியிட்டை எனக்குக் காய்ச்சல் எண்டு பொய் சொல்லி மூண்டு நாள் வீட்டிலை நிண்டனான். மூண்டு ராத்திரியும் பிள்ளை என்ரை நெஞ்சிலைதான் படுத்தவள். எனக்குப் பிள்ளைக் கழிவொண்டும் வேண்டாம், அந்த வரி வீதத்தையும் இவவே எடுக்கட்டும். பிள்ளைக்கு ஒண்டெண்டால் என்னட்டையும் கேக்கோணும். அதுக்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து எண்டு சொல்லு.”

சஜீதா சொல்லவில்லை. பேனையை எடுத்தாள், படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள், கையெழுத்தை வைத்தாள். வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

“அவர் என்ன சொன்னார்?” என்று பெண் கேட்டாள்.

சஜீதா பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். என் மனுசன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார். காய்ச்சல், பொய், மூன்று நாள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஜேர்மனில் சொன்னார். தன் பாட்டுக்கு ஒரு சொல்லும் கூட்டவில்லை. அன்றைக்கு எனக்கு அவரில் வந்த மரியாதை கொஞ்சமல்ல. முடித்துவிட்டுக் கோபிசனின் தோளில் தட்டி, “நானும் வீட்டிலை வெங்காயம் வெட்டுறனான்தான் தம்பி. வெளியிலை சொல்லுறேல்லை” என்றார்.

அது பச்சைப் பொய். ஆனால் அந்த இடத்தில் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வூதியக் கணக்கை யாருக்கு எழுதுவது என்று பெண் கேட்டாள். “அவருக்கு. முழுக்க” என்றாள் சஜீதா. கோபிசன் ஒவ்வொரு எழுத்தாக ஆறுதலாக எழுதிக் கையெழுத்து வைத்தான். பெண் ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, புட்டு என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். நான் கையால் காட்டி விளக்கினேன். விளங்கியதோ தெரியாது, தலையாட்டினாள்.

திரும்பும்போது காற்று நின்று வெயில் எறித்தது. ட்ராமில் ஹரிஷா தாயின் மடியில் ஏறி, காலைத் தகப்பனின் மடியில் நீட்டிக்கொண்டாள். கோபிசன் தாளை எடுத்து வாசித்தான், மடித்தான், திரும்பவும் எடுத்து வாசித்தான். எதிர் இருக்கையில் நாங்கள் இருவரும் வெளியே பார்ப்பதுபோல் இருந்தோம்.

“இவ்வளவு நாளும் நீ நினைச்சிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், என்ன?” என்றான் மெதுவாக.

“ஓம், போயிருக்கலாமாம்.”

“உனக்கு அது முதலே தெரிஞ்சிருந்தால்?”

சஜீதா கொஞ்சம் யோசித்தாள். “தெரிஞ்சிருந்தால், நாலரை வருசத்துக்கு முதலே உங்கடை காதைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைப்பிச்சிருப்பன்” என்றாள்.

கோபிசன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை, ட்ராம் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது.